கடல் கடந்த தோழமையும் விருந்தோம்பலும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





புகழனைத்தும் வல்ல இறைவனுக்கே உரியன. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக.

நம் நிர்வாகிகள் என்னை அழைத்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளுக்குச் சென்று வந்த அனுபவங்களைப் பற்றிப் பேசுமாறு கேட்டுக் கொண்டனர். அந்நாடுகளின் உயர்ந்த கட்டடங்களையும் அகன்ற சாலைகளையும் நீங்கள் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிடுகிறீர்கள். அவற்றை மீண்டும் வர்ணித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அங்கே நான் சென்றது பழைய தோழர்கள் சிலரை உயிரோடிருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே, தோழமையைப் பற்றியும், விருந்தினராகச் செல்பவர், விருந்தளிப்பவர் ஆகிய இருவருக்கும் உள்ள கடமைகளைப் பற்றியும் சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன். அந்தத் தோழர்கள் விளம்பரத்தை விரும்பாதவர்கள். எனவே அவர்களுடைய பெயர்களைக் கூறாமல் விடுகிறேன்.

தந்தையின் தோழர்

ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா செல்லும் வழியில் கிராமவாசி ஒருவரைச் சந்தித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒட்டகச் சவாரியில் களைப்பு ஏற்படும்போது மாறி அமர்வதற்காக ஒரு கழுதையை உடன் கொண்டு செல்வது அன்னாரின் வழக்கம். தலையில் ஒரு தலைப்பாகையும் அணிந்திருந்தார்கள். எதிரே வந்தவர் இன்னாருடைய மகன்தாமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டவுடன், கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். உடன் வந்தவர்கள் வியந்தனர். கிராமத்து மக்கள் சிறிது கொடுத்தாலே மனநிறைவு அடைந்துவிடுவார்களே என்றனர். இவருடைய தந்தை என் தந்தை உமருக்குத் தோழராக இருந்தவர் என்பதே அன்னார் அளித்த விடை. ஒருவர் தம் தந்தையின் அன்பிற்குரியவர்களுடைய குடும்பத்தாரோடு உறவைப் பேணுவது, பெற்றோருக்குச் செய்யும் நன்மைகளுள் தலைசிறந்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் எடுத்துரைத்தார்கள்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், வீட்டில் ஆடு அறுக்கப்பட்டால் அன்னையின் தோழியருக்குப் பங்கு அனுப்பி வைக்கும் வழக்கம் நாயகம் (ஸல்) அவர்களிடம் இருந்தது.

இவ்விரு செய்திகளிலிருந்தும் ஓர் உண்மை புலனாகிறது. தோழமை என்பது இருவரோடு தொடங்கி இருவரோடு முடிந்துவிடுவதன்று. அதுவும் ஓர் அமானிதம். வீடு, நிலம், நகை ஆகியவற்றை வாரிசுகளுக்கு முறையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். நம் தோழர்கள் யார் யார், எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாமலே சென்றுவிடுகிறோம்.

பினாங்கில் சில நாட்கள்

நம் ஜமாஅத்தில் இருப்பவர்களில் பலருடைய பூர்வீகம் கடற்கரை ஊர்கள். சபுராளிகள் இல்லாத குடும்பம் அவ்வூர்களில் மிகவும் அரிது. சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ரஜுலா என்னும் கப்பலை மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. அதன்பின் அது பயணிகளை ஏற்றிச் செல்லவே இல்லை.

என் பள்ளித் தோழர் ஒருவர் 1968-இல் ரஜுலாவில் பினாங்கு சென்றார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகில் ஏற்றிச் சென்று கப்பலில் சேர்ப்பார்கள். கரையில் நின்று அவருக்கு ஸலாம் சொல்லி அனுப்பி வைத்தேன். பின்னர் சில ஆண்டுகள் கடிதங்கள் வந்தன. பெருநாள் வாழ்த்துகள் வந்தன. பிறகு அவையும் குறைந்துவிட்டன. 2014-இல் அவருடைய மகன் மூலமாகத் தொலைபேசி எண் கிடைத்தது. அவ்வாண்டே புறப்பட்டுச் சென்றேன்.

நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கிறோம். விமான நிலையத்தில் அவரை நான் அடையாளம் காணவில்லை. அவர்தாம் என் நடையைக் கண்டு என்னை அடையாளம் கண்டுகொண்டார். முஸாஃபஹா செய்த கையை வீடு வந்து சேரும் வரை விடவே இல்லை.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்றார். நம் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன் என்பவரால் 1801-இல் நிறுவப்பட்ட பள்ளிவாசல் அது. அப்பகுதியிலேயே சூலியா வீதியும், நாகூர் ஆண்டகை பெயரால் அமைந்த தர்காவும் இருக்கின்றன. ஜார்ஜ் டவுன் என்னும் அந்நகரப் பகுதியை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தொழுகை முடிந்ததும் ரொட்டி சானாயும், இரு குவளைகளுக்கிடையே உயர்த்தி ஆற்றித் தரும் தே தாரிக்கும் வாங்கித் தந்தார். நண்பகலில் நாசி கண்டார். நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடி. அந்நாளில் நம்மவர்கள் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறிகளையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து சென்று, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். இன்று மலேசியா முழுவதும் சீனரும் மலாய்க்காரரும் விரும்பி உண்ணும் உணவாக அது விளங்குகிறது. சோற்றின்மீது பல கறிக் குழம்புகளையும் ஒன்றாகக் கலந்து ஊற்றச் சொன்னார் என் தோழர். அதற்கு "பாஞ்சிர்" என்று பெயராம். மலாய் மொழியில் பாஞ்சிர் என்றால் வெள்ளம் என்று விளக்கினார்.

அவருக்கு அடுத்த வீட்டில் சீனக் குடும்பம் ஒன்று வசிக்கிறது. இந்தியாவிலிருந்து விருந்தினர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அந்த வீட்டு அம்மையார் ஒரு கூடை மங்குஸ்தான் பழங்களைக் கொண்டு வந்து கொடுத்தார். சமைத்த பண்டமாக இருந்தால் நாங்கள் உண்ணத் தயங்குவோமோ என்று எண்ணிப் பழங்களாகக் கொண்டு வந்ததாகவும் கூறினார். எவ்வளவு நுட்பமான மரியாதை என்று எண்ணிப் பாருங்கள். விருந்தினரின் மார்க்கத்தை அறிந்து, அதற்கேற்ப உபசரிக்கும் பண்பை அந்தச் சகோதரியிடம் கண்டேன்.

அடுத்த ஆண்டு, 2015 டிசம்பர் தொடக்கத்தில், அடையாறு கரைபுரண்டு நம் கோட்டூர்புரத் தெருக்களுக்குள் புகுந்ததை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தரைத்தள வீட்டில் மார்பளவு தண்ணீர். மாடியில் இருந்த இந்துக் குடும்பத்தார் எங்களை மேலே அழைத்துக்கொண்டு, தங்களுக்கு இருந்த அரிசியையும் மெழுகுவத்தியையும் எங்களோடு பகிர்ந்துகொண்டனர். மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. நான்காம் நாள் கைப்பேசி ஒலித்தபோது முதலில் கேட்ட குரல் பினாங்குத் தோழருடையது. மூன்று நாட்களாக விடாமல் முயன்றதாகச் சொன்னார். "பாஞ்சிர் என்று விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தேனே" என்று கூறிவிட்டு அவரால் மேற்கொண்டு பேச இயலவில்லை.

நான் பினாங்கிற்குச் செல்லாதிருந்தால் அந்த அழைப்பு வந்திருக்குமா? நாற்பத்தாறு ஆண்டு இடைவெளியைச் சில நாள் பயணம் நிரப்பிவிட்டது. அதனால்தான் வசதியுள்ளவர்கள் ஒருமுறையேனும் சென்று பாருங்கள் என்கிறேன்.

சிங்கப்பூரில் கண்டது

சிங்கப்பூரில் நான் தேடிச் சென்ற தோழர் நான் போவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டிருந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எனினும் அவருடைய மகன் என்னைத் தம் அடுக்குமாடி வீட்டிற்கு அழைத்துச் சென்றார். சிறிய வீடு. பிள்ளைகள் இருவரும் தங்கள் அறையை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டனர். காலையில் பள்ளிக்கூடம் செல்ல வேண்டிய பிள்ளைகள்! இரண்டு இரவுகளோடு விடைபெற்றுக்கொண்டேன்.

தந்தை வழக்கமாகத் தொழுத பள்ளிவாசல்களை எனக்குக் காட்ட வேண்டும் என்பது அந்த மகனின் விருப்பம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் நிறுவப்பட்ட சூலியா ஜாமிஆப் பள்ளியையும், தெலுக் ஆயர் தெருவில் 1827-இல் குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைத்த அல்அப்ரார் பள்ளியையும் காட்டினார். அதே தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா இப்போது இந்திய முஸ்லிம்களின் பாரம்பரிய நிலையமாக உள்ளது. அந்நாளில் அத்தெருவே கடற்கரையாக இருந்ததாம். கப்பலிலிருந்து இறங்கியவுடன் ஷுக்ரு செய்ய ஓர் இடம் வேண்டும் என்று முன்னோர்கள் எண்ணியிருக்கிறார்கள். இன்று கடல் தூர்க்கப்பட்டு வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது.

அந்த மகனுக்குத் தமிழ் பேச வருகிறது, எழுத வரவில்லை. தந்தை விட்டுச் சென்ற என் பழைய கடிதங்களைக் கொண்டுவந்து படித்துக் காட்டும்படி கேட்டார். தம் தந்தை இளமையில் எப்படி இருந்தார் என்பதை அன்றிரவு என் வாயால் கேட்டுக்கொண்டார். தோழர் உயிரோடு இல்லையே, இனி அங்கே போய் என்ன பயன் என்று எண்ணுபவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். தந்தையைப் பற்றி மகனுக்குத் தெரியாத செய்தி, தந்தையின் தோழரிடம்தான் இருக்கிறது.

புத்தளத்தில் ஒரு தோழர்

இராயப்பேட்டைப் புதுக் கல்லூரியில் என்னோடு படித்தவர்களில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர் வணிகத்தில் ஈடுபட்டு நல்ல நிலையில் இருந்தார். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். வீடு, கடை, நகை, பணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்தனர். அதன்பின் நான் எழுதிய கடிதங்களுக்கு விடை வரவில்லை.

போர் முடிந்த மறு ஆண்டில், 2010-இல், கொழும்பு சென்றபோது விசாரித்து விசாரித்துப் புத்தளத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். சிறிய வீட்டில் மகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார். கொழும்பில் செல்வந்தர் வீட்டு விருந்தில், கையலம்பக் கெண்டியும் படிக்கமும் கொண்டு வந்து நீட்ட, சஹனைச் சுற்றி அமர்ந்து புரியாணியும், கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பமும் உண்டுவிட்டு வந்திருந்தேன். புத்தளத்தில் கிடைத்தது தேங்காய் ரொட்டியும் சம்பலும் இஞ்சி போட்ட தேநீரும். சகோதரர்களே, அந்த ரொட்டியின் சுவைதான் இன்றும் என் நாவில் நிற்கிறது.

அவர் தம் இழப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கல்லூரித் தோழர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். சிலர் மறைந்துவிட்டதைச் சொன்னபோது கையேந்தி துஆச் செய்தார். புறப்படும்போது அவர் மகளின் கையில் சிறு தொகையை வைக்க முயன்றேன். "வாப்பாவைத் தேடி இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார் என்று இந்தத் தெருவே பேசுகிறது. அது போதும் மாமா" என்று சொல்லி அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் இழந்தவருக்கு நாம் கொண்டுபோகக் கூடிய அன்பளிப்பு நம் வருகைதான் என்பதை அன்று உணர்ந்தேன். அவர் உலகில் மறக்கப்பட்டுவிடவில்லை என்பதற்கு நம் வருகை சாட்சியாகிறது.

இப்னு பதூதா பெற்ற விருந்து

அந்தப் புத்தளத்திற்கும் பயணத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. 1325-இல் மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரிலிருந்து இருபத்தொரு வயதில் புறப்பட்ட உலகப் பயணி இப்னு பதூதா, 1344-இல் இலங்கையில் கரையிறங்கியது அங்கேதான். மார்க்கத்தால் வேறுபட்ட ஆரியச் சக்கரவர்த்தி மன்னர் அவரை வரவேற்று, முத்துகளைப் பரிசளித்தார். ஆதம் மலைக்குச் செல்ல விரும்புகிறேன் என்று அவர் கூறியதும், பல்லக்கையும் வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் உணவுப் பொருட்களைச் சுமக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பினார்.

அங்கிருந்து புறப்பட்ட கப்பல் நம் சோழமண்டலக் கடற்கரைக்கு அருகே உடைந்தது. கரையிலிருந்த இந்து மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். பனை போன்ற மரத்தின் பழத்தையும் நல்ல மீனையும் உணவாகக் கொடுத்துக் காத்தனர். நம் கடலோர மக்களின் விருந்தோம்பலுக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சான்று இது. பின்னர் மதுரை சுல்தான் கியாதுத்தீன் அவரை அழைத்துச் சென்றார். சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா மணந்த பெண்மணிகளுள் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். எனினும் அந்த சுல்தான் எளிய மக்கள்மீது இழைத்த கொடுமைகளைத் தம் பயண நூலில் மறைக்காமல் பதிவு செய்து கண்டித்திருக்கிறார். உப்பிட்டவர், உறவினர், தம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக அநீதியை அவர் நியாயப்படுத்தவில்லை. விருந்துண்டவரும் நீதிக்குச் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சப்தா நகரத்தைச் சேர்ந்த அல்புஷ்ரீ என்னும் அறிஞரை, அவர் மீசை அரும்பாத இளைஞராக இருந்தபோதே, தில்லியில் இப்னு பதூதா அறிந்திருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் சீன நாட்டில் ஒருவர் தம்மைக் காண வந்தார். முகத்தை உற்றுப் பார்த்தார். அதே அல்புஷ்ரீ! பெருஞ்செல்வராக உயர்ந்திருந்தார். இருவரும் கண்ணீர் வடித்தனர். தோழர் அன்பளிப்புகளை வாரி வழங்கினார். பின்னர் 1351-இல் சஹாராப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸா என்னும் நகரில் இப்னு பதூதா தங்கியது யாருடைய வீட்டில் தெரியுமா? அந்த அல்புஷ்ரீயின் உடன்பிறந்தவர் வீட்டில்! இச்சகோதரர்கள் எவ்வளவு தொலைவில் பிரிந்து வாழ்கிறார்கள் என்று அவர் வியந்திருக்கிறார். சீனப் பயணத்தின் சில பகுதிகளை ஆய்வாளர்கள் ஐயுறுவதுண்டு. எனினும் ஒரு தோழரின் பெயர் ஒரு நாட்டில் விதைக்கப்பட்டு இன்னொரு நாட்டில் நிழல் தரும் மரமாகிறது என்பதை அந்த ஸிஜில்மாஸா வீடு நமக்குச் சொல்கிறது.

அடகு வைக்கப்பட்ட பாத்திரம்

விருந்தோம்பலின் இனிமையைச் சொன்னேன். அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். விருந்தினருக்குரிய சிறப்பு உபசாரம் ஒரு பகலும் ஓர் இரவும், விருந்து மூன்று நாட்கள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்று வரையறுத்த நாயகம் (ஸல்) அவர்கள், விருந்தளிப்பவருக்குச் சங்கடம் ஏற்படும் அளவுக்கு ஒருவர் தங்கியிருப்பது ஆகாது என்றும் எச்சரித்திருக்கிறார்கள்.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களைக் காண விருந்தினர் வந்தனர். வீட்டில் இருந்த ரொட்டியையும் உப்பையும் அன்னார் எடுத்து வைத்தார்கள். உப்போடு சிறிது மணமூலிகையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார் வந்தவர்களுள் ஒருவர். உளூச் செய்யும் பாத்திரத்தை அடகு வைத்து அந்த மூலிகையை வாங்கி வந்து கொடுத்தார்கள். உண்டு முடித்த அந்த விருந்தினர், கிடைத்ததைக் கொண்டு திருப்தியடையச் செய்த இறைவனைப் புகழ்ந்தார். உமக்குத் திருப்தி இருந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்றார்கள் ஸல்மான் (ரலி).

இதை நம் காலத்தோடு பொருத்திப் பாருங்கள். உம்ராவிற்குச் செல்கிறோம். ஜித்தாவிலோ மக்காவிலோ நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். ஓர் அறையில் ஆறு பேர், எட்டு பேர், அடுக்குக் கட்டிலில் படுத்துறங்கும் வாழ்க்கை. ஊரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள் என்றதும் ஓடோடி வருகிறார். வாடகை வண்டி வைத்து அழைத்துச் செல்கிறார். உணவகத்தில் மந்தி வாங்கித் தருகிறார். புறப்படும்போது பேரீச்சம்பழப் பெட்டியும் போர்வையும் கையில் திணிக்கிறார். அந்த மாதம் அவர் வீட்டிற்கு அனுப்பும் பணம் குறைகிறது. ஊரில் அவருடைய மனைவி கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்குகிறார். நாம் ஊர் திரும்பி, "பையன் அங்கே நன்றாக இருக்கிறான்" என்று பேசுகிறோம். அடகுக்குப் போன பாத்திரம் நம் கண்ணில் படுவதே இல்லை.

எனவே விருந்தினராகச் செல்பவர்களுக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். முன்கூட்டியே தெரிவித்து, அவர்களுக்கு வசதியான நாளைக் கேட்டுச் செல்லுங்கள். தங்குவதற்குச் சிறு விடுதியேனும் ஏற்பாடு செய்துகொண்டு, தோழரின் வற்புறுத்தலுக்காக மட்டும் ஒன்றிரண்டு நாள் அவர் வீட்டில் தங்குங்கள். அவர்கள் உழைத்துப் பிழைப்பவர்களாக இருந்தால் உணவுச் செலவை நீங்களே முந்திக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். கடைவீதியில் ஒரு பொருளைப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். சொன்ன மறுகணம் அது உங்கள் பையில் இருக்கும். திரும்பி வந்தபின் அந்தப் பிள்ளையின் வீட்டிற்குச் சென்று, தாயாரிடமும் மனைவியிடமும் அவருடைய நலத்தைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் கையில் ஏதேனும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விருந்தளிப்பவர்களுக்கும் ஒரு சொல். கடன் வாங்கி உபசரிக்காதீர்கள். இருப்பதை முகமலர்ச்சியோடு முன்வையுங்கள். புத்தளத்து ரொட்டியை மறவாதீர்கள்.

நம் வாசலுக்கு வருபவர்கள்

கோட்டூர்புரம் ஒரு காலத்தில் நாம் பயணம் புறப்படும் இடமாக இருந்தது. இன்று உலகம் நம்மைத் தேடி வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு மிக அருகில் உள்ளது. சென்னையின் மருத்துவமனைகளுக்கு இலங்கையிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உடன் வருபவர்கள் மொழி தெரியாமல், தெரு தெரியாமல், விடுதி வாடகையை எண்ணி எண்ணிக் கலங்குகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர்கள் ஜும்ஆவில் நம் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு, யாருடனும் பேசாமல் திரும்பிச் செல்கிறார்கள்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர்களுக்கு இடம் கொடுத்த கைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு இதுதான். நிர்வாகக் குழுவிற்கு மூன்று ஆலோசனைகளைப் பணிவோடு சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு ஜும்ஆவிற்குப் பின்னரும் புதிய முகங்களை விசாரிப்பதற்கு இரண்டு தன்னார்வலர்களை நியமிக்க வேண்டும். அவர்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்த நோயாளியின் உறவினராக இருந்தாலும், மருத்துவமனைக்கு வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் உதவ வேண்டும்.

இரண்டாவது, வாரம் ஒரு வேளை உணவை அயலூர் விருந்தினர் ஒருவரோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் குடும்பங்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். சமையலின் பாரம் தாய்மார்களின் தலையில்தான் விழும். ஆகவே அவர்களுடைய சம்மதத்தைக் கேட்ட பிறகே பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஒரு பதிவேடு. நம் ஜமாஅத்தின் மூத்தவர்கள் ஒவ்வொருவரும் கடல் கடந்து வாழும் தங்கள் தோழர்களின் பெயர், ஊர், எப்படி அறிமுகமானார்கள் என்னும் விவரங்களைத் தங்கள் பிள்ளைகளின் கையால் எழுதச் செய்ய வேண்டும். அந்தக் குறிப்பேடு அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். எழுதும் பிள்ளை கேள்வி கேட்கும். தந்தை விடை சொல்வார். அந்த உரையாடலே ஒரு பெரும் பயன்.

ரஜுலாவில் ஏறிச் சென்ற தலைமுறை முதுமையின் எல்லையில் இருக்கிறது. கடலை வாரக்கணக்கில் கடந்த காலம் போய், சில மணி நேரத்தில் பினாங்கை அடையும் காலம் வந்திருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலும் புறப்பட்டது. வழி குறுகிவிட்டது. தோழருக்கு மீதமிருக்கும் வாழ்நாளோ அதைவிட வேகமாகக் குறுகுகிறது. செல்ல இயன்றவர்கள் இவ்வாண்டே செல்லுங்கள். இயலாதவர்கள் இன்றிரவு வீடு சென்றதும் ஒரு தோழருக்கேனும் தொலைபேசியில் ஸலாம் சொல்லுங்கள்.

நம் முன்னோர்களுக்கு இடமளித்த வீடுகளின் மீதும், நம்மைத் தேடி வரும் முஸாஃபர்கள் மீதும், பிரிந்து வாழும் தோழர்கள் அனைவர் மீதும் வல்ல ரஹ்மான் தன் கருணையைப் பொழிவானாக. மறைந்த தோழர்களின் பிழைகளைப் பொறுத்து, மறுமையில் நம்மை அவர்களோடு ஒன்று சேர்ப்பானாக. ஆமீன்.